நொட்டை நாளின் நான்காவது வரி

மார்ச் 3

அண்ணிக்கு,

நான் அடித்தால் உங்கள் போன் மணியே போகாது. கடைக்குச் சலவைத்துணி கொண்டுவந்த பெண்ணின் போனிலிருந்து அடித்தேன், போனது. என் நம்பரை முடக்கி வைத்திருக்கிறீர்கள் என்று அப்போதுதான் உறைத்தது. அதனால் கடிதம். இஸ்திரி மேசைமேல் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதற்கும் ஒரு நொட்டை சொல்லிக்கொள்ளுங்கள்.

நலம் விசாரிக்க எழுதவில்லை. ஒரு கையெழுத்து வேண்டும்.

நம் தெருவின் நொட்டை நாளை அரசாங்கம் தன் பட்டியலில் சேர்க்கப் போகிறது. ஊர் ஊராக இருக்கும் சாப்பாட்டு விழா, கலை விழாக்களுக்கெல்லாம் இப்போது அரசு அங்கீகாரம் கொடுக்கிறார்களாம். போன வருடம் ஓரமாக நின்று போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாரே, கண்ணாடி போட்ட பெண், அவர் பண்பாட்டுத் துறை அதிகாரி. அதற்கப்புறம் மூன்று முறை வந்துவிட்டார்.

பட்டமும் பலகையும் எனக்கு ஒரு பொருட்டில்லை. ஆனால் பஸ் இப்போது நம் தெரு வழியாகப் போகிறது. இனிமேல் தெருவை அடைத்து அடுப்பு மூட்ட நகராட்சி விடாது. அரசுப் பட்டியலில் இருக்கும் விழா என்றால் மட்டும் ஒரு நாள் விடுவார்கள். பட்டியல் இல்லையென்றால் இந்த மே மாதம் முதல் நொட்டை நாளே கிடையாது.

படிவத்தில் இரண்டு பானைத் தலைவிகளும் கையெழுத்துப் போட வேண்டும். மேற்கு வரிசைக்கு நான் போட்டுவிட்டேன். கிழக்கு வரிசைக்கு இன்னும் நீங்கள்தான் தலைவி. தலைவி தன் கையால் கொடுக்காமல் இன்னொருத்தி கரண்டியைத் தொடக் கூடாது. நீங்கள் யாருக்கும் கொடுக்கவில்லை. கொதிக்கிற பானையை நடுத்தெருவில் கவிழ்த்துவிட்டு, கரண்டியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டீர்கள்.

நம் செயலாளர், மருந்துக்கடைக்காரர், விழாவைப் பற்றி எழுதிய குறிப்பு இது: "தெருவின் இரு வரிசை வீட்டாரும் தனித்தனிப் பானையில் மீன் சூப் காய்ச்சுவர். ஒவ்வொருவரும் எதிர்வரிசைச் சூப்பைக் குடித்து அதில் ஒரு குறையாவது சொல்ல வேண்டும். அன்று பாராட்டுவதற்குத் தடை. குறை கேட்டவர் கோபிக்காமல் சிரிக்க வேண்டும். மாலை பானை கழுவியதும் அன்று சொன்னவை யாவும் முடிந்துபோனதாகக் கொள்ளப்படும்."

கடைசி வரியை இரண்டு முறை படியுங்கள். முழுப் படிவத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன். ஏப்ரல் 15 கடைசி நாள்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 10

நாத்தனாருக்கு,

உன் உறை விடுதி விலாசத்துக்கு வந்து சேர்ந்தது. இங்கே நர்ஸ்கள் தங்கும் விடுதியில் நூற்றுப்பத்துப் பேருக்குச் சமைக்கிறேன். படிக்க உட்கார இடமில்லாமல் சாமான் அறையில் உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்து படித்தேன். இருபத்து மூன்று பக்கம். ஒரு எழுத்து விடவில்லை.

"பாரம்பரிய நல்லிணக்க மீன் சூப் விழா" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நல்லிணக்கமாம். ஒரு வருடம் மீன் முள்ளுக்காக இரண்டு வீடு ஆறு மாதம் பேசாமல் இருந்த தெரு அது. "இருநூறு ஆண்டுப் பழமை" என்று மருந்துக்கடைக்காரர் அளந்திருக்கிறார். தெரு போட்டே அறுபது வருடம் ஆகவில்லை. அதிகாரி நம்பிவிட்டார் போலிருக்கிறது, பாவம்.

சிரித்துக்கொண்டேதான் படித்தேன். மூன்றாம் இணைப்பு வரும்வரை.

"மரபான குறை மொழிகள், சில எடுத்துக்காட்டுகள்."

ஒன்று: "சூப்பா இது, மீன் குளிச்ச தண்ணியா?"

இரண்டு: "இந்த மீன் வலையில சாகல, உங்க பானையைப் பார்த்துதான் செத்துது."

மூன்று: "பல்வலின்னு வந்தேன். ஒரு வாய் குடிச்சேன், பல்லே இல்லாத மாதிரி இருக்கு."

நான்கு: "இந்த உப்புதான் எங்க அண்ணனைக் கொன்னுது."

நான்காவதற்குப் பக்கத்தில் அச்சில் போட்டிருக்கிறார்கள், "மிகைப்படுத்தி நகையாடுதல்" என்று.

போன வருடம் என் பானைக்கு முன்னால், என் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்து நீ சொன்னது அது. உன் அண்ணன் போய் ஒரு வருடம்கூட முழுசாக ஆகவில்லை. தெருவே வாயடைத்து நின்றது. இப்போது அதை அரசாங்க முத்திரை வைத்து அச்சடித்து ஊர் முழுக்கப் படிக்கக் கொடுக்கப் போகிறீர்கள். கீழே நானே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். நான் என் புருஷனைக் கொன்றேன் என்று நானே எழுதிக் கொடுப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அந்த வரி போக வேண்டும். அதோடு, அது பொய் என்று நீ உன் கைப்பட எழுதித் தர வேண்டும். அதுவரை பேனாவைத் தொட மாட்டேன். நொட்டை நாள் நின்றால் நிற்கட்டும்.

உன் அண்ணி


மார்ச் 16

அண்ணிக்கு,

இணைப்பை நான் பார்க்கவில்லை. இது சத்தியம். அதிகாரி தன் போனில் பதிந்ததிலிருந்து அவரே பொறுக்கி எழுதிக்கொண்டார். வெளியூர்க்காரர். கூட்டம் கப்சிப்பென்று ஆனதை ரசித்துக் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். எடுக்கச் சொல்லிக் கேட்டேன். இரண்டு தலைவிகளும் சேர்ந்து எழுதிக் கொடுத்தால்தான் இனி ஒரு வரியையும் மாற்ற முடியும் என்கிறார்.

சேர்ந்து எழுதலாம். எடுத்துவிடலாம். ஆனால் பொய் என்று எழுதித் தர என்னால் முடியாது.

நான் சொன்னதில் எது பொய்? இதயம் வீங்கிப் படுத்திருந்தவர். நான்கு வருடமாக உப்பைக் கண்ணால் பார்க்கக் கூடாது என்றார் டாக்டர். அதற்கு முந்தின வருடம் நொட்டை நாள் அன்று சாயங்காலமே கால் வீங்கியது. மறுநாள் மூச்சு வாங்கியது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பதினோராம் நாள் தூக்கிக்கொண்டு வந்தோம். அந்த வீட்டில் அடுப்பு உங்கள் கையில்தான் இருந்தது. அண்ணன் கெஞ்சினால் நீங்கள் உருகிவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியாதா? கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன்.

சொன்ன இடம் தப்பாக இருக்கலாம். அன்றைக்குப் பானையைப் பற்றித்தான் பேச வேண்டும், மனுஷரைப் பற்றிப் பேசக் கூடாது. அது என் தப்பு. ஆனால் சொன்னதை நொட்டை நாளோடு விட்டுவிட வேண்டும் என்பதும் விதிதான். நீங்கள்தான் பத்து மாதமாக மடியில் கட்டிக்கொண்டு திரிகிறீர்கள்.

கடைசி நாளுக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது. இந்த மே மாதம் பானை ஏறாவிட்டால் தெரு உங்களைத்தான் திட்டும். நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

நாத்தனார்


மார்ச் 23

நாத்தனாருக்கு,

தெரு திட்டட்டும். என் காது இங்கே இருக்கிறது.

நான் உருகிவிடுவேனாம். நான்கு வருடம் உன் அண்ணனுக்கு எப்படிச் சமைத்தேன் என்று உனக்குச் சொல்லியதில்லை. சொல்லிக் காட்டுகிற பழக்கம் எனக்கில்லை. இப்போது கேள். அவருக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி. எங்கள் சாப்பாட்டைக் கிண்டிய கரண்டி அவர் சட்டியில் பட்டால் முழுசையும் கொட்டிவிட்டு மறுபடி வைப்பேன். ரொட்டியில்கூட உப்பு இருக்கும் என்று கடை ரொட்டியை நிறுத்தினேன். குடிக்கிற தண்ணீர்கூட மருந்து பாட்டிலில் அளந்து கொடுத்தேன். அவர் என்னைத் தட்டை எறிந்து திட்டியிருக்கிறார். "நீ பொண்டாட்டியா, ஜெயில் வார்டனா?" என்று கேட்டிருக்கிறார். அழுதிருக்கிறார். ஒரு கல் உப்பு நான் போட்டதில்லை.

நொட்டை நாள் அன்றும் அப்படித்தான். பெரிய பானையில் உப்பு விழும் முன்னால் ஒரு சின்னச் சட்டியில் அவர் பங்கை எடுத்து மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அரைக் கிண்ணம் குடித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பதினோரு மணிக்குக் கீழே இறங்கினேன். பானையை விட்டு நகர முடியவில்லை. நாலு மணிக்குத்தான் மறுபடி மாடிக்குப் போனேன்.

கட்டிலுக்கு அடியில் ஒரு கிண்ணம் கிடந்தது. நீல விளிம்பு.

கிழக்கு வரிசைக் கிண்ணங்கள் எல்லாம் வெள்ளை. நீலம் உன் வரிசையுடையது. அன்று சாயங்காலம் கழுவி எண்ணும்போது உங்களுக்கு ஒன்று குறைந்தது. மருந்துக்கடைக்காரர் மனைவிதான் எடுத்திருப்பாள் என்று நீ கத்தினாய். அந்த அம்மாள் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள். நான் எங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் நீ அந்த வரியைச் சொன்னபோது வாயைத் திறந்திருந்தால் இதைச் சொல்லியிருப்பேன். திறக்கக் கூடாது என்றுதான் பானையைக் கவிழ்த்தேன். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

அந்தக் கிண்ணம் என் பெட்டியில் இருக்கிறது. மாடிக்கு எப்படி வந்தது என்று நீயே எழுது. எழுதிய பிறகு கையெழுத்தைப் பற்றிப் பேசலாம்.

உன் அண்ணி


ஏப்ரல் 2

அண்ணி,

ஆறு நாளாக இந்தத் தாளைக் கடையில் வைத்து எடுத்து வைத்து எடுத்து இருக்கிறேன். ஒரு வாடிக்கையாளரின் சட்டையைக் கருக்கிவிட்டேன்.

அன்று பகல் பன்னிரண்டு மணி இருக்கும். அண்ணன் ஜன்னலிலிருந்து கூப்பிட்டார். "ஏய் வாலு, எல்லாரும் உன் பானையை நொட்டை சொல்றாங்க, நான் மட்டும் வாயை மூடிட்டுப் படுத்திருக்கணுமா? ஒரு வாய் கொண்டா. ஒரே ஒரு நொட்டை சொல்லிட்டு விட்டுடறேன்." அதற்கு முந்தின வருடமும் அவரால் கீழே இறங்க முடியவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. கிண்ணத்தின் அடியில் ஒரு கரண்டி மட்டும் ஊற்றிக்கொண்டு பின்படி வழியாகப் போனேன்.

குடித்தார். நாக்கைச் சப்புக் கொட்டினார். கண்ணை மூடிக்கொண்டார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்புறம் சொன்னார், "உப்பு பத்தல."

அண்ணி, அத்தோடு நான் வந்திருக்க வேண்டும். அவர் நொட்டை சொல்லியாயிற்று, நான் சிரித்தாயிற்று, முடிந்தது. ஆனால் என் பானைக்கு உப்பு பத்தவில்லை என்று அதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை. எனக்குச் சுருக்கென்றது. அவர் என்ன நிலைமையில் இருக்கிறார் என்பதே மறந்துவிட்டது. பானைத் தலைவியாகத்தான் கீழே ஓடினேன். கிண்ணம் நிறைய ஊற்றி, மூன்று விரலால் உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கிக் கொண்டுபோனேன். "இப்பச் சொல்லு பார்க்கலாம்" என்று நீட்டினேன். முழுசும் குடித்தார். கடைசிச் சொட்டு வரைக்கும். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி அதையேதான் சொன்னார், "உப்பு பத்தல." சிரித்தார். நானும் சிரித்தேன். "அண்ணிகிட்ட சொல்லாத, கொன்னுடுவா" என்றார். படியில் சத்தம் கேட்டது. கிண்ணத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு ஓடிவந்தேன். யாரும் வரவில்லை. பூனைதான்.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும்.

போன வருடம் உங்கள் பானைக்கு வந்தபோது நான் எதையும் யோசித்து வரவில்லை. மீன் வேகவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பக்கத்தில் பெண்கள் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ அவரைப் பார்த்துக்கிட்ட மாதிரி யாரு பார்த்துப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். தாங்கவில்லை. யாராவது ஒருத்தர் அதைச் செய்தவராக இருக்க வேண்டும் போலிருந்தது, நானாக இருக்கக் கூடாது. வாய் அதைச் சொல்லிவிட்டது.

அண்ணன் போனதிலிருந்து என் கையால் ஒருத்தருக்கும் ஒரு வாய் கொடுப்பதில்லை. வீட்டில் பாத்திரத்தை மேசைமேல் வைத்துவிடுகிறேன், அவரவர் போட்டுக்கொள்கிறார்கள். போன வருடம் எங்கள் வரிசையிலும் நான் கிண்டியதோடு சரி. பரிமாறியது வேறு ஆள். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

நீங்கள் கேட்டதை எழுதிவிட்டேன். மே மாதம் பானை ஏறினால் தெரு முழுக்க நிற்கும்போது நானே சொல்கிறேன். அதிகாரி படம் பிடித்தால் பிடிக்கட்டும்.

இதை எழுதியதால் நீங்கள் பெரிய மனுஷி என்று நான் ஒப்புக்கொண்டதாக நினைக்க வேண்டாம். கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த மருந்துக்கடை அம்மாளைத் திருடி என்று நான் சொன்னபோது வாசலில் நின்று வேடிக்கை பார்த்தீர்களே, அது என்ன குணம்?

நாத்தனார்


ஏப்ரல் 8

நாத்தனாருக்கு,

தெருவில் நீ ஒன்றும் சொல்லக் கூடாது. நீ நெஞ்சில் அடித்துக்கொண்டு அழ, நாலு பேர் வந்து உன்னைத் தட்டிக்கொடுக்க, கடைசியில் நீயே நல்லவளாகி வீட்டுக்குப் போவாய். அதற்கு நான் இடம் கொடுக்க மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாளே அந்தக் கிண்ணத்தைத் துணியில் சுற்றி டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போனேன். இதில் உப்புப் போட்ட சூப் குடித்திருக்கிறார், இதனால்தானா என்று கேட்டேன். அவர் கிண்ணத்தைத் தொடவில்லை. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். "இதயம் ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே கை விட்டுடுச்சும்மா. இந்தக் கிண்ணம் இல்லன்னாலும் இந்த மாசம் தாண்டாது. ஒரு நாள் ரெண்டு நாள் வித்தியாசம் இருக்கும், அவ்வளவுதான். நல்லா இருந்துச்சுன்னு சொன்னாரா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.

இது எனக்கு இரண்டு வருடமாகத் தெரியும். உனக்குச் சொல்லவில்லை.

சாவு வீட்டில் நீ சுவரில் முட்டிக்கொண்டபோது எல்லோரும் அண்ணன் மேல் பாசம் என்றார்கள். எனக்குத் தெரிந்தது, அது என்ன என்று. பக்கத்தில் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கின் நுனியில் இருந்தது. நான் நான்கு வருடம் கொடுக்காமல் அடக்கி வைத்ததை நீ ஒரு நிமிஷத்தில் கொடுத்துவிட்டாய். கடைசியாக அவரைச் சிரிக்க வைத்தவள் நீ. வார்டன் என்று பெயர் வாங்கியவள் நான். சுமக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மருந்துக்கடை அம்மாள் விஷயத்தில் நீ கேட்டது சரிதான். அவளுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். கிண்ணத்தை அவள் பெயருக்குப் பார்சலில் அனுப்புகிறேன். நீயும் போய் மன்னிப்புக் கேள்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன், இத்துடன் இருக்கிறது. தெருவுக்காகப் போட்டது, உனக்காக அல்ல. நான்காவது வரியை மாற்றச் சொல்லி நாம் இருவரும் எழுதும் தாளும் இருக்கிறது. நான் போட்டாயிற்று. நீ போட்டுக் கொடு. அந்த இடத்தைக் காலியாக விட வேண்டாம். "உப்பு பத்தல" என்று போடச் சொல்.

நம்பரைத் திறக்கவில்லை. போன் செய்யாதே.

அண்ணி


ஏப்ரல் 15

அண்ணி,

இன்று காலை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். மருந்துக்கடை அம்மாளிடம் நேற்றே போனேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டாள், உள்ளே கூப்பிடவில்லை. அது நியாயம்தான்.

நான் உங்களைக் கொலைகாரி என்று சொன்னது ஒரு நாள், ஒரு வரி. நீங்கள் என்னை இரண்டு வருடம் கொலைகாரியாகவே நடமாட விட்டிருக்கிறீர்கள், அது இல்லை என்று தெரிந்துகொண்டே. என் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோதுகூடக் கஞ்சியை என் கையால் ஊட்டவில்லை. இதை நான் மன்னிக்க மாட்டேன். நீங்களும் மன்னிக்க வேண்டாம். சரிக்குச் சரி என்றும் நான் சொல்ல வரவில்லை. எது அதிகம் என்று எனக்குத் தெரியவில்லை.

மே மாதம் பானை ஏறும். கிழக்கு வரிசைக்குக் கரண்டி வேண்டும். வந்து கொடுப்பீர்களோ, கிண்டுவீர்களோ, அது உங்கள் பாடு. வந்தால் உங்கள் சூப்பை நான் குடிப்பேன், மீன் வேகவில்லை என்பேன். வேறு ஒன்றும் சொல்ல மாட்டேன்.

அதிகாரி மாற்றிய வரியைப் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "மத்ததெல்லாம் கேட்டாலே சிரிப்பு வருது. இது வெறும் ரெண்டு வார்த்தை. இதுல என்ன இருக்கு, இதைப் போய்ப் போடச் சொல்றீங்க?" என்றார்.

"ஒருத்தர் ரெண்டு தடவை குடிச்சுட்டுச் சொன்னது மேடம்," என்றேன். "அன்னிக்கு நல்லா இருக்குன்னு சொல்லக் கூடாது. அதனால அப்படிச் சொன்னார்."

அவர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அப்புறம் யார் சொன்னது என்று எழுத ஒரு கட்டம் இருக்கிறது என்றார். அண்ணன் பெயரைச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

நாத்தனார்